‘தொற்றாது’ என்று எழுதி மாட்டிய கடை

பீடோங்,
வியாழக்கிழமை.

மதிப்பும் அன்பும் மிக்க முகுந்தன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் காஞ்சனா பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

முதலில் நான் பார்த்தது ஒரு பொட்டு மாவு. வலது கை ஆள்காட்டி விரலின் நடு மூட்டில், பச்சைப்பயறு அளவுக்கு வெள்ளையாக இருந்தது. ரொட்டி மாவு பிசைகிறவள் கையில் மாவு இருப்பதை யார் பெரிதாக நினைப்பார்கள். துடைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே மாவு. விடாமல் வேலை செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான்காம் நாள் எனக்கு லீவு, மாவைத் தொடவே இல்லை. வீட்டில் துணி துவைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், சவுக்காரத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறிய விரலில் மாவு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது.

இதற்கு முன்பே உங்கள் சுகத்தையும் அத்தையின் சுகத்தையும் விசாரித்திருக்க வேண்டும். மன்னிக்கவும், இப்போது விசாரிக்கிறேன். பண்டார் பாருவில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே அம்மா சுகம், அப்பா சுகம். என்னைச் சுகம் என்று டாக்டர் சொல்கிறார், கடைக்கு வருகிறவர்கள் இல்லை என்கிறார்கள், ஆகவே என் சுகத்தை எழுதாமல் விடுகிறேன். இதையெல்லாம் ஏன் தாளில் எழுதுகிறாய், வாட்ஸ்அப் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். செவ்வாய்க்கிழமை, ‘மாமா, எனக்கு இங்கே இருக்க முடியவில்லை’ என்று அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது.

அம்மாவிடம் விரலைக் காட்டினேன். அம்மா விரலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, “மீன் தின்னுட்டு மேல தயிர் ஊத்திக்கிட்டியா?” என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரு தடவை, என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீனும் இல்லை, தயிரும் இல்லை. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிற அப்பா சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “அவ விரல்ல புள்ளி வந்தா எனக்கு எதுக்குலா கத்தரிக்கா?” என்கிறார். பதிலுக்குப் பதிலாக அம்மா மறுநாளும் கத்தரிக்காய் வைக்கிறார்.

அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் வேலை செய்யும் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நின்றபடியே படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இது வெண்புள்ளி. ஒட்டாது, பரவாது. ஆனா நீ சாப்பாட்டுக் கடையில வேல செய்றவ. வாயால சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். டாக்டர்கிட்ட எழுதி வாங்கு, கையெழுத்துப் போட்டு சாப்பு குத்தி வாங்கு” என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை ஞாபகப்படுத்தவில்லை. இதற்கு மேல் நடந்ததெல்லாம் அந்த ஒரு சாப்பு முத்திரையினால் நடந்தது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அரசாங்க கிளினிக்கில் இருந்தவர் இளம் வயது மலாய் டாக்டர். என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டன, களிம்பு தருகிறேன், வலிக்காது என்றார். ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போவதைத்தான் தொற்றும் நோய் என்பார்களாம். இது எங்கும் போகாது, உன்னுடையது உன்னோடுதான் இருக்கும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கடிதத்தில் ‘தீடாக் பெர்ஜாங்கிட்’, அதாவது தொற்றாதது என்று பெரிய எழுத்தில் எழுதி, வழக்கம்போல் உணவுக் கடையில் வேலை செய்யலாம் என்று அடுத்த வரியில் எழுதி, வட்டமாகச் சாப்பும் குத்திக் கொடுத்தார்.

நயீம் பாய் நல்லவர் என்று சொல்லித்தான் என்னை இந்தக் கடையில் சேர்த்துவிட்டீர்கள். நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார், விஷயம் அதோடு முடிந்திருக்கும். மூன்றாம் படிவத்தில் வாய்மொழிச் சோதனைக்கு எழுந்து நின்று, ஐந்து நிமிடம் சும்மா நின்று, அப்படியே உட்கார்ந்து, அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். பேச வேண்டாத வேலை என்றுதான் இந்தப் பின்கட்டு மாவு வேலையை நீங்கள் பிடித்துக் கொடுத்தீர்கள். இரண்டு வருஷத்தில் நான் சாப்பிட வந்த ஒருவரிடமும் பேசியதில்லை. மாவு பிசைவேன், உருண்டை பிடிப்பேன், எண்ணெய் தடவித் தட்டில் அடுக்குவேன். ரொட்டி வீசுவது வாசல் கல்லில் பாய். ஆனால் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு, மாமா. மதியக் கூட்டம் கலைந்த பிறகு நான் ஈரத் துண்டை வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். ரொட்டி வீசப் பழகுகிறவர்கள் துண்டில்தான் தொடங்குவார்கள். பாய் ஒரு நாள் பார்த்துவிட்டார். கண்டுகொள்ளாமல் போய்விட்டு, சாயங்காலம் போகிற போக்கில், “நோன்பு மாசம் வந்து முடியட்டும் புள்ள, ஒன்னக் கல்லுல நிறுத்துறேன்” என்றார். கல் இருப்பது கடை வாசலில், அஞ்சடி நடைபாதையில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில். ஆனாலும் மாமா, எனக்கு அது வேண்டும் போல இருந்தது. இதுவரைக்கும் எனக்கு எதுவும் அப்படி வேண்டும் போல இருந்ததில்லை.

கடிதத்தைப் பாயிடம் தனியாகக் கொடுத்தேன். அவர் மூன்று தடவை படித்தார். “இவ்ளோ நல்ல டாக்டர் சுராட்ட வாங்கி வச்சுக்கிட்டு, இப்படி மடிச்சுக் கையில வச்சிருக்கியே” என்றார். பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரில் எல்லாச் சாப்பாட்டுக் கடையிலும் கடை உரிமமும் டைபாய்டு ஊசி போட்ட அட்டைகளும் சுவரில் இருக்கும். பாய் கடையில் அரசாங்கச் சாப்பு விழுந்த எந்தத் தாளும் சுவருக்குப் போய்விடும். ராமையா அண்ணன் ஒரு நாள் சுத்தப் பயிற்சிக்குப் போய் வாங்கி வந்த தாள், தராசைச் சோதித்துக் கொடுத்த தாள், வடிகால் அடைப்பை எடுத்ததற்கு வந்த பாராட்டுத் தாள், எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டம் உண்டு. ஒளிவு மறைவு இல்லாத கடை என்று அவருக்குப் பெருமை.

மறுநாள் காலை நான் வருவதற்குள் என் கடிதம் டைபாய்டு அட்டைகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. என் மானம் போகக் கூடாது என்று பாய் என் பெயர் இருந்த இடத்தைக் கறுப்பு மையால் அழித்திருந்தார். ‘தீடாக் பெர்ஜாங்கிட்’ என்ற இரண்டு சொல்லுக்கு மட்டும் மஞ்சள் மை பூசியிருந்தார். மலாய் படிக்க வராத பெரியவர்களுக்காக, அடியில் ஓர் அட்டையில், ‘இக்கடைப் பணியாளரின் நோய் தொற்றாதது’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார். கையில் இருந்த சட்டம் சின்னது. அதனால் கடிதத்தின் கடைசி வரி உள்ளே மடிந்து போயிருந்தது. வழக்கம்போல் வேலை செய்யலாம் என்ற வரி அதுதான்.

அந்த நிமிடம் வரைக்கும் இந்தக் கடையில் நோய் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, மாமா.

முதலில் படித்தவர் லோரி ஓட்டும் குணாளன் அண்ணன். தினமும் மூன்று ரொட்டி பசியாறுகிறவர். பல் குத்திக்கொண்டே சுவரைப் படித்தார். குச்சி பாதியில் நின்றது. கல்லாவில் இருந்த சைதூன் அக்காவை, அதாவது பாயின் மனைவியைப் பார்த்து, “என்னாக்கா நோவு?” என்றார்.

“ஒண்ணும் இல்லண்ணே. தொத்தாது.”

“தொத்தாதுன்னுதான் போட்டிருக்கே. எது தொத்தாதுன்னு கேக்குறேன்.”

“எதுவுமே தொத்தாது.”

“அப்ப எத்தன நோவுதான் இருக்கு கடையில?”

அன்று மதியத்துக்குள் பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கடைக்கு வராமல் இல்லை. பாயின் முகத்துக்காக வந்தார்கள். வந்து, தோல் உள்ள சாமானாகப் பார்த்துக் கேட்டார்கள். அரை வேக்காட்டு முட்டையைத் தாங்களே உடைத்துக்கொண்டார்கள். வாழைப்பழத்தைத் தாங்களே உரித்துக்கொண்டார்கள். டின் பானத்தைத் திறக்காமல் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு பெரியவர் வேர்க்கடலையை ஓட்டோடு வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் மேசையில் உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டுவிட்டு, பாயிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

தேத்தண்ணி கலக்கும் ராமையா அண்ணனுக்கு ஆவி பட்டுப் பட்டுப் பல வருஷமாக இருமல். அவர் இருமியபோதெல்லாம் ஆட்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். மறுநாள் அவர் ஏப்ரனைக் கழற்றி மேசையில் போட்டார். “பாய், நோவு யாருக்கோ, பேரு எனக்கா? நான் இல்லன்னு எழுதுங்க. இல்லாட்டி நான் பட்டர்வொர்த்துல வேற வேலைக்குப் போறேன்” என்றார். பாய் நியாயஸ்தர். தமிழ் அட்டையில், ‘ராமையா அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தார். அதைப் பார்த்த சைதூன் அக்கா, “அப்ப ஊரு என்னையத்தானே நெனக்கும்?” என்றார். ‘சைதூன் அல்ல’ என்று இன்னொரு வரி. மங்கு கழுவும் ராக்காயி அக்கா கை ஈரத்தோடு வந்து அட்டைக்கு அடியில் நின்றார். ‘ராக்காயி அல்ல’. எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் பாய் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். கடையில் மொத்தம் நாங்கள் ஐந்து பேர். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என் பெயரை மட்டும் அவர் கடைசி வரை எழுதவே இல்லை.

அன்று முதல் எல்லாரும் கை கழுவ ஆரம்பித்தார்கள். கை கழுவும் பைப்பு பின்கட்டில், நான் மாவு பிசைகிற மேசைக்கு எதிரில் இருக்கிறது. கோவிட் சமயத்தில்கூட இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கை கழுவி நான் பார்க்கவில்லை. சாப்பிடாமலேயே கழுவிவிட்டுப் போனவர்களும் உண்டு. நான் தலையைக் குனிந்துகொண்டு உருண்டை பிடித்தேன். பாய் மனது கேட்காமல் நீலக் கையுறை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார். கையுறையோடு மாவு பிசைந்தால் மாவு எது கையுறை எது என்று கைக்குத் தெரியாது. விரல் நுனி கிழிந்து ஓர் உருண்டைக்குள் நீலமாகப் போய்விட்டது. அதைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. அது மட்டும் இல்லை, ஐந்து பேரில் கையுறை போட்டவள் நான் ஒருத்திதான். அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதன் பிறகு சந்தேகம் இருக்கவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் பாய் என் தோளைப் பிடித்து முன்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரொட்டித் தட்டோடு நடுமேசையில் உட்கார்ந்தார். “எல்லாரும் பாருங்க. இது இந்தப் புள்ள பிசைஞ்ச மாவு. நான் திங்கிறேன். தொத்துமான்னு பாத்துக்குங்க” என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நானும் கையுறையோடு நின்று பார்த்தேன். பாய் பேசிக்கொண்டே வேகமாகத் தின்றார், சம்பல் காரம் மூக்கில் ஏறிவிட்டது. கண் சிவந்து, மேசையைத் தட்டித் தட்டி இருமினார். தண்ணீர் கொண்டு ஓடிவந்த ராமையா அண்ணனுக்கும் இருமல் வந்துவிட்டது. இரண்டு பேரும் மாறி மாறி இருமினார்கள். குணாளன் அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “ரெண்டு வாய்க்குள்ளயே நோவு ஆள் மாறிப் போயிருச்சே” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தயங்கித் தயங்கி, கடிதத்தை எடுத்துவிடலாமா பாய், என்று கேட்டேன். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. “எடுத்தா, தொத்துற நோவாயிருச்சு, அதான் எடுத்துட்டான்னு பேசுவானுங்க புள்ள” என்றார். சரிதான். மாட்டியிருந்தாலும் போச்சு, எடுத்தாலும் போச்சு. அந்தச் சொல்லை நான் நாள் முழுக்க யோசிக்கிறேன், மாமா. டாக்டர் சொன்ன பொருளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதை வாயில் எடுக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது. ‘இந்தச் சோறு விஷம் இல்லாதது’ என்று எழுதிவைத்து யாரும் சோறு விற்பதில்லை. ‘கடிக்காத நாய்’ என்று ஒரு வீட்டு வாசலில் எழுதியிருந்தால், நான் அடுத்த தெரு வழியாகத்தான் போவேன். கேட்டவர்களிடம் சொன்னால் அது ஆறுதல். கேட்காதவர்களிடம் சொன்னால் அதுவே நோய். என்னுடைய புள்ளி எங்கும் போகாமல் விரலிலேயே இருக்கிறது. அந்தச் சொல்தான் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

முன்பெல்லாம் காலையில் நூறு உருண்டை பிடிப்பேன். இன்று பன்னிரண்டு பிடித்தேன், ஏழு மிச்சம். பாய் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கல்லில் நிறுத்துகிற பேச்சையும் எடுக்கவில்லை. நானும் துண்டைத் தொடுவதில்லை. நான் இங்கே இருக்கிற வரைக்கும் அந்த அட்டையும் இருக்கும். ஆகவே ஒரே ஓர் உதவி கேட்கிறேன். அந்தச் சொல்லே இல்லாத ஒரு கடிதம் உங்கள் கிளினிக் டாக்டரிடம் கிடைக்குமா? ‘காஞ்சனா நன்றாக மாவு பிசைகிறாள்’ என்று இருந்தாலும் போதும், சாப்பு இருக்க வேண்டும். அது முடியாதென்றால், வருகிற சனிக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு வந்து என்னைப் பண்டார் பாருவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். கை வெளியே தெரியாத வேலை எதுவாக இருந்தாலும் செய்கிறேன். பாயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குச் சொல்ல வராது.

அத்தைக்கு என் அன்பு. அவர் முழங்கால் வலி குறைந்து, படி ஏறி இறங்க முடிய வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மா உங்களை மீனோடு தயிர் சேர்க்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். உங்கள் ஆசியை வேண்டும்,

காஞ்சனா.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வர வேண்டாம், மாமா. அந்தச் சொல் இல்லாத கடிதமும் வேண்டாம். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் இந்த இடத்துக்கு வருவதற்குள் படித்திருப்பீர்கள்.

இன்று மதியம் பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். சைதூன் அக்கா மாடியில் தொழுதுகொண்டிருந்தார். கதவு பாதி இறங்கியிருந்தது. கடையில் ராமையா அண்ணனும் நானும்தான். குனிந்து ஒரு பெண் உள்ளே வந்தார். பெயர் சாஃபியா. கோத்தா கோலா மூடாவிலிருந்து கருவாடு கொண்டுவந்து சந்தையில் விற்கிறவர். இரண்டு கையிலும் விரல் வரைக்கும் மூடிய நீளத் துணியுறை. நேராகச் சுவருக்குப் போய் நின்று படித்தார். “இந்தத் தொத்தாத ஆளு யாரு?” என்றார்.

“நான் இல்ல” என்று ராமையா அண்ணன் அட்டையைக் காட்டினார்.

அவர் அட்டையில் இருந்த பெயர்களைப் படித்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வலது கை உறையை உருவினார். விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே வெள்ளை, தட்டில் கொட்டிய மாவு போல.

“பதினோரு வருஷமா வாயாலயே சொல்லிக்கிட்டு இருக்கேன் தங்கச்சி. எவ நம்புறா? மீன் விக்கிறவ, மீனத் தின்னு வந்துச்சுன்னாளுங்க. சாப்பு குத்தித் தருவாங்கன்னு யாரு கண்டா. பேர அடிச்சிருக்கு பாரு, நல்லதாப் போச்சு. எனக்கும் பொருந்தும்.” கைப்பேசியை எடுத்தவர் நிறுத்தி, “அடியில என்னமோ மடிஞ்சிருக்கே, அது என்னா?” என்று கேட்டார்.

நான் முக்காலியில் ஏறிச் சட்டத்தை இறக்கினேன். கடிதத்தை வெளியே எடுத்து மடிப்பை நீவிவிட்டேன். வழக்கம்போல் வேலை செய்யலாம் என்ற வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். மூன்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு நடுமேசையில் உட்கார்ந்து, இரண்டாவது உறையையும் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

“கடையில உக்காந்து சாப்ட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. எப்பவும் பொட்டலம்தான். ரொட்டி கெடைக்குமா?”

ராமையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன். அடியில் சின்ன நெருப்பு இருந்தது.

நான் கையுறையைக் கழற்றினேன். கையைக் கழுவினேன். ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தட்டி, விரித்து, வீசினேன். ஓரத்தில் ஓர் இடத்தில் கிழிந்தது. மடித்துக் கல்லில் போட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி, “முட்ட போடவா அக்கா?” என்று கேட்டேன்.